பண்டம்மாவுக்குக் கொடுத்த கோழி

என் நாத்தனார் பண்டம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இந்த மலையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. என்னைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் கிடையாது. போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு யாரை ஏச வேண்டுமோ ஏசிக்கொள்ளுங்கள். ஏச்சு கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப் போய்விட்டது.

பண்டம்மா என் புருஷன் சோமி ரெட்டிக்குத் தங்கை. பதினாறு வயதில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. எட்டு வருஷம் பொறுத்த புருஷன் ஒன்பதாம் வருஷம் இன்னொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான். அந்த வீட்டில் இவள் சும்மா உட்கார்ந்து தின்றவளும் அல்ல. ஒற்றைக் கோழியைப் பங்குக்கு வாங்கி, அதைப் பத்தாக்கி, பத்தை ஆடாக்கி, நாலு ஆடு வரை கொண்டுவந்தவள். ஆடுகள் அங்கேயே நின்றுவிட்டன. இவள் மட்டும் ஒரு துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிடறேன்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருஷம் ஆனது.

பதினோரு வருஷமும் ஓடையிலிருந்து தண்ணீர் அவள்தான் தூக்கினாள். சாமை குத்தினாள், கேழ்வரகு அரைத்தாள், என் மூன்று பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்தாள். நான் ஒரு சொல் சொன்னால் திருப்பி அரைச் சொல் சொன்னதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் சோறு தின்ன மட்டும்தான், அதுவும் கடைசியாக. எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். திட்டுகிறவளுக்கும் எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டாமா?

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தனி வீடு. பெரிய வீடு அல்ல, நாலு மூங்கில் கால், மேலே புல், உள்ளே ஒரு அடுப்பு. எங்கள் ஊரில் தனியாக இருக்கும் பெண் வீடு கேட்டால் ஆண்கள் எல்லோரும் ஒரே நாளில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். மூங்கிலும் புல்லும் காட்டில் கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்கு அவள் ஐந்து கோழி அடித்துச் சோறு போட வேண்டும். ஐந்தும் அவளே வளர்த்ததாக இருக்க வேண்டும். இரவல் கோழியும் சந்தைக் கோழியும் ஆகாது. ஐந்து கோழியை வளர்த்துக் காக்க முடியாதவள் தனி வீட்டை எப்படிக் காப்பாள் என்பது பெரியவர்கள் வைத்த கணக்கு. பண்டம்மா பலா மரத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நாலு குச்சி ஊன்றி வைத்திருந்தாள். குச்சி மக்க மக்க வேறு குச்சி மாற்றுவாள்.

கோழி இல்லாதவள் எங்கே போவாள்? அதற்குத்தான் வாட்டா இருக்கிறது. இருப்பவள் இல்லாதவளுக்கு ஒரு பெட்டைக் கோழியைக் கொடுப்பாள். அது முட்டையிட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, குஞ்சு கொஞ்சம் தலையெடுத்ததும் ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி திரும்பிப் போய்விடும். வாட்டா முட்டையை ஒருத்தியும் வாயில் வைக்கக் கூடாது, அது குஞ்சுக்கு உள்ளது. ஒரு வாட்டா முடியாமல் இன்னொரு வீட்டில் வாட்டா கேட்கவும் கூடாது. கொடுத்தவளே "போதும், கோழியைக் கொடு" என்று வாங்கிக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் மாங்காய்ப் பண்டிகையன்று எல்லோருக்கும் முன்னால் இருப்பதைப் பிரித்து முடிக்க வேண்டும்.

பண்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு மூன்று முறை வாட்டா எடுத்தாள். முதல் தடவை குஞ்சுகளைக் காட்டுப்பூனை தின்றது. இரண்டாம் தடவை அவள் பங்குக்கு ஆறு வந்தது. அந்த வருஷம் என் புருஷன் காய்ச்சலில் கிடந்தான். பூசாரி கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அறுத்தோம். அவளே பிடித்துக் கொடுத்தாள். "அண்ணன் இருந்தாத்தானே, அண்ணி, வீடு கட்ட ஆளு" என்றாள். மூன்றாம் தடவை வெள்ளைக் கழிச்சல் வந்தது. அது அவள் கோழியை மட்டுமா கொண்டுபோனது? ஊரையே துடைத்துவிட்டது. மிஞ்சியது என்னிடம் ஒன்று, பக்கத்து ஊர் சின்னம்மியிடம் இரண்டு மூன்று. என்னுடையது மயில் நிறத்தில் இருக்கும் அசில், எங்கள் நாட்டுக் கோழி ஜாதி, பெயர் நெமலி.

அதற்குப் பிறகுதான் அரசாங்க ஜீப்பில் கோழிகள் வந்தன. வீட்டுக்கு நாலு, வளர்ந்த பெட்டைகள். கூடவே ஊருக்கு இரண்டு சேவல். ஆபீசர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, இது உங்க அசில் மாதிரி வருஷத்துக்கு முப்பது முட்டை போட்டுட்டு வீராப்பா நிக்கற ஜாதி இல்ல. நூத்தம்பது போடும். எண்ணிக்கோ."

பொய் சொல்லக்கூடாது, அவர் சொன்னபடியே போட்டது. என் பிள்ளைகள் அந்த வருஷம் தின்ற முட்டையை அதற்கு முன் மூன்று வருஷத்தில் சேர்த்தும் தின்றதில்லை. ஆனால் அவை கோழியா என்று எனக்குச் சந்தேகம். தவிடு போடும் நேரத்துக்கு வாசலில் வந்து சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் போல நிற்கும். குப்பையைக் கிளறத் தெரியாது. வானத்தில் வல்லூறு வட்டமடித்தால் நெமலி ஒரு குரல் கொடுத்துப் புதருக்குள் போய்விடும். இவை அண்ணாந்துகூடப் பார்க்காது. சாயங்காலம் நெமலி தானாகப் பலா மரத்தில் ஏறிக்கொள்ளும். இவற்றை நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பஞ்சாரக் கூடைக்குள் அடைக்க வேண்டும்.

"மகாராணிங்க, பல்லக்கு இல்லாம படுக்க மாட்டாங்க" என்பேன். பண்டம்மா சிரித்துக்கொண்டே தூக்கி வருவாள்.

தை மாதம் அறுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றாள்.

"அண்ணி, இந்த வருஷம் ஒரு கோழி வாட்டாவுக்குக் குடுக்கறியா? மாங்காய்க்குப் பிரிச்சா அடுத்த அறுப்புக்கு வளந்துரும். வீடு கட்டிடலாம்."

அவள் கண் நெமலிமேல் போனது. எனக்குத் தெரியும். நான் நெமலியைக் கொடுக்கவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனதில் கள்ளம் இல்லை. ஜீப் கோழிகளில் நல்ல கொழுத்ததாகப் பார்த்து, சிவப்பாக, கொண்டை நிமிர்ந்ததாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நெமலியின் இரண்டு மடங்கு எடை.

"நூத்தம்பது முட்டைடி! அதுல பாதி பொரிச்சாலே நீ வீடு என்ன, மாடி கட்டலாம்" என்றேன். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊரில் முட்டையிடுகிற கோழி அடை உட்காராது என்று யாராவது சொன்னால், தாலி கட்டிய பெண் சமைக்க மாட்டாள் என்று சொன்னதுபோல் சிரித்திருப்போம்.

சிவப்பி முட்டையிட்டது. பண்டம்மா கூடையில் கேழ்வரகு உமி போட்டு அடுக்கினாள். பத்து ஆனது, பதினைந்து ஆனது. அசில் என்றால் பன்னிரண்டு பதினைந்தில் நிறுத்திவிடும். உடம்பு சூடேறும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைமேல் போய்ப் படுத்துவிடும், கிட்டே போனால் கையைக் கொத்திச் சதையை எடுக்கும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. முட்டை போடும், நாலு வீட்டுக்குக் கேட்கக் கொக்கரிக்கும், திரும்பிப் பார்க்காமல் தவிட்டுக்குப் போய்விடும்.

பண்டம்மா செய்யாதது இல்லை. கூடையை இருட்டு மூலையில் வைத்தாள். புகை காட்டினாள். கோழியைப் பிடித்து முட்டைமேல் உட்காரவைத்து மேலே பஞ்சாரம் கவிழ்த்தாள். அது உள்ளே நின்றுகொண்டே இருந்தது. திறந்தபோது இரண்டு முட்டையை மிதித்து உடைத்திருந்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், அது குஞ்சு பிறந்த பிறகு சொல்கிற பேச்சு.

"மலட்டு மூதேவி! தின்னத்தான் லாயக்கு" என்று நான் அந்தக் கோழியைத் திட்டினேன். சொன்னபிறகுதான் பண்டம்மா பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவள் குனிந்து உடைந்த முட்டையை வழித்துக் கழுவினாள்.

மாசி மாதம் புளி விற்கக் கீழே சந்தைக்குப் போனேன். அங்கே கோழி வியாபாரி அப்பன்னா கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன்.

"என்னய்யா, ஜீப்புக் கோழி எப்ப அடை உக்காரும்?"

அவன் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. "அது எங்கம்மா உக்காரும்? அது பொறந்தது மெஷின்ல. அதோட ஆத்தாளும் மெஷின், அவ ஆத்தாளும் மெஷின். உக்கார நினைக்கிற கோழி முட்டைய நிறுத்திடும்ல? அதனால உக்காராததாப் பாத்துப் பாத்து எடுத்து வளத்திருக்காங்க. முட்டை போடறதுதான் அதுக்கு வேலை. நீ தலைகீழா நின்னாலும் உக்காராது."

"அப்ப ஒரு நாளும் உக்காராதா?"

"நூறுல ஒண்ணு தப்பிப் பொறந்தா உக்காரும். உன்னோடது தப்பிப் பொறந்ததா, போய் அதையே கேளு" என்றான்.

மலையேறி வரும்போது வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். போனதும் சொல்லிவிடுவேன், சிவப்பியை வாங்கிக்கொண்டு நெமலியைக் கொடுத்துவிடுவேன், நெமலியும் முட்டை நிறுத்தும் சமயம்தான், இன்றைக்கு அடை வைத்தால்கூட மாங்காய்க்குக் குஞ்சு தலையெடுத்துவிடும். இப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன். தண்ணீர்ப் பானை நிரம்பியிருந்தது. சாமை குத்திப் புடைத்து வைத்திருந்தாள். என் கடைசிப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்துத் தூங்கவைத்திருந்தாள். என் முதுகோ கூடை சுமந்து இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. அவள் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

இவள் போய்விட்டால் இதையெல்லாம் யார் செய்வது? அந்த ஒரு நினைப்பு வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

நாளைக்கு என்பது வந்தது, போனது. நெமலி அடை உட்கார்ந்தது. என் பன்னிரண்டு முட்டையை வைத்தேன்.

பண்டம்மா கூடையோடு வந்தாள். "அண்ணி, என்னோடதுல ஒரு ஆறு வெச்சுப் பாக்கலாமா? எது பொரிச்சாலும் சரி, நாம பேசிப் பிரிச்சுக்கலாம்."

"நெமலி வயித்துக்கடியில இடம் எங்கடி இருக்கு? கூட வெச்சா எல்லாம் கூமுட்டையாப் போகும். உன் கோழி இன்னைக்கு நாளைக்கு உக்காந்துரும், பொறு" என்றேன்.

பொய் எப்படி அவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போனாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அன்று முதல் அவள் எதிரில் நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். காரணமில்லாமல் சிவப்பியைத் திட்டினேன். நெமலியின் முட்டைகளில் பத்து பொரிந்து, குஞ்சுகள் அதன் பின்னால் வரிசையாகப் போயின. பண்டம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்ப்பாள். நான் உள்ளே போய்விடுவேன்.

பங்குனியில் அவள் முட்டைகள் நாற ஆரம்பித்தன. அவள் எறியவில்லை. வாட்டாப் பொருளைப் பிரிக்காமல் எறியக் கூடாது. எங்கள் வீட்டில் கேழ்வரகு குறைந்துபோய் மாங்கொட்டைப் பருப்பை ஊறவைத்துக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்போதும் அவள் புது முட்டையைக்கூட ஒன்று அவித்துத் தின்னவில்லை. கணக்காகக் கூடையில் வைத்தாள். சின்னம்மி ஒருநாள் ஓடையில் துணி துவைக்கும்போது என் காதுபடவே அவளிடம் சொன்னாள்.

"ஏய் பண்டம்மா, எங்கிட்ட ஒரு கறுப்பி முட்டை போட ஆரம்பிச்சிருக்குடி. உன் வாட்டா முடிஞ்சா வா, தரேன்."

"முடியல அக்கா" என்றாள் பண்டம்மா. "அண்ணி கோழியக் கேட்டா குடுத்துட்டு வந்துருவேன். அண்ணி கேக்கல."

நான் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தேன். கேட்பதற்கு ஒரே ஒரு வார்த்தைதான். "கொடு" என்றால் போதும். கேட்கவில்லை. உடம்பு களைத்தவளுக்கு மனசும் களைத்துவிடுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் மட்டும் களைக்காதவளா என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

சித்திரையில் மாங்காய்ப் பண்டிகை வந்தது. புது மாங்காயைச் சாமிக்கு வைத்து, ஜீலுகு மரத்துக் கள் ஒரு சுற்று வந்ததும், வாட்டா எடுத்தவர்கள் குஞ்சுகளைக் கொண்டுவந்து பிரித்தார்கள். கீழ்வீட்டுக்காரி ஒருத்தி ஏழு குஞ்சு கொண்டுவந்தாள், மூணரை மூணரையாக எப்படிப் பிரிப்பது என்று ஒரே சிரிப்பு. பிறகு ஊர்ப் பெரியவர் கங்கி ரெட்டி கூப்பிட்டார்.

"பண்டம்மா, உன்னோடது?"

அவள் ஒரு கையில் சிவப்பியையும் இன்னொரு கையில் கூடையையும் கொண்டுவந்தாள். கூடையை இறக்கியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"அட, கோழிக்குஞ்சு கொண்டாரச் சொன்னா கருவாட்டுக் கூடையக் கொண்டாந்திருக்கா!" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

பண்டம்மா தரையில் குந்தி உட்கார்ந்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்று என் பக்கம், ஒன்று அவள் பக்கம். ஒன்று என் பக்கம், ஒன்று அவள் பக்கம். அறுபத்துச் சொச்சம் முட்டை. அவள் அவசரப்படவில்லை. பாதிக்கு மேல் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. கள் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சுரைக்குடுவையைக் கீழே வைத்துவிட்டான். என் காலடியில் குவியல் ஏறிக்கொண்டே போனது.

என்னால் தாங்க முடியவில்லை. "நிறுத்துடி!" என்று கத்திவிட்டேன். "எனக்குத் தெரியும். இது உக்காராதுன்னு மாசியிலேயே அப்பன்னா சொல்லிட்டான். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். போதுமா?"

என் புருஷன் எழுந்து நின்றுவிட்டான்.

பண்டம்மா கையிலிருந்த முட்டையை அவள் பக்கம் வைத்தாள். "எங்கிட்டயும் அப்பன்னா சொன்னாரு அண்ணி" என்றாள். "அடுத்த சந்தைக்கே போய்க் கேட்டேன். 'உங்க அண்ணிகிட்டப் போன வாரமே சொல்லிட்டேனே'ன்னாரு."

"தெரிஞ்சுமா இத்தன நாள் இந்த நாத்தத்தோட படுத்திருந்த?"

"நான் கோழி உக்காரும்னு பாத்துக்கிட்டு இருக்கல. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீ சொல்லியிருந்தா, இந்த வருஷம் வீடு இல்லாட்டிக் கூடப் பரவால்லன்னு இருந்திருப்பேன்."

நான் ஓடிப்போய் நெமலியையும் அதன் பத்துக் குஞ்சையும் பஞ்சாரத்தோடு தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். "எல்லாத்தையும் எடுத்துக்கடி. பாதி இல்ல, முழுசும் எடுத்துக்க. வீட்டக் கட்டிக்க" என்றேன்.

அவள் பஞ்சாரத்தின் இடுக்கில் விரலை விட்டு ஒரு குஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு ஆசை அந்த விரலில் இருந்தது என்று நான் பார்த்தேன். பிறகு விரலை எடுத்துக்கொண்டாள்.

"நான் வளத்தது இல்லயே அண்ணி."

கங்கி ரெட்டி தொண்டையைச் செருமி, வாட்டா முடிந்தது என்றார். சின்னம்மி கூட்டத்திலிருந்து எழுந்து, "கறுப்பி நேத்துத்தான் அடை உக்காந்துச்சு, எங்கூடவே வந்துருடி" என்றாள். பண்டம்மா தலையாட்டினாள். துணி மூட்டையைக் காலையிலேயே கட்டி வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஒருத்தி போய் எடுத்துவந்தாள்.

சிவப்பி அந்த நெரிசலுக்கு நடுவில் பயமில்லாமல் நின்று யாராவது தவிடு போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. "எல்லாம் இந்தச் சனியனால!" என்று காலை ஓங்கினேன். பண்டம்மா குனிந்து அதைத் தூக்கிக்கொண்டாள். கால்கயிற்றை அவிழ்த்து, இறகைத் தடவி, என் இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் வைத்தாள்.

"இதத் திட்டாத அண்ணி" என்றாள். "இதுக்குத் தெரியாது."